பேரைத் தேடாதீங்க, நம்பரைத் தேடுங்க: நேட்டாலுக்குக் கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்க

எங்க வீட்ல யாரைக் கேட்டாலும் நம்ம ஆளுங்க எந்த ஊருன்னா ஒரே பதில்தான், மெட்ராஸ். சின்ன வயசுல நானும் நம்பிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல இருக்கற தமிழ் வீடு, தெலுங்கு வீடு எல்லாத்துலயும் இதே பதில்தான் சொல்றாங்க. அது அவங்க ஊரு இல்லங்க, கப்பல் கிளம்புன துறைமுகம். ஊரு அதுக்கும் பின்னாடி எங்கயோ இருக்கு, அங்க போய்ச் சேர எனக்கு நாலு வருஷம் புடிச்சுது, அதுல மூணு வருஷம் நான் பண்ண ஒரே தப்பால வீணாப் போச்சு. அந்தத் தப்பை நீங்க பண்ணாம இருக்கத்தான் இதை எழுதறேன்.

தப்பு என்னன்னா நான் பேரை வச்சுத் தேடுனேன். 1860லேர்ந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கற இந்தச் சீமைக்கு, ஒப்பந்தக் கூலியா வந்தவங்க 1,52,184 பேரு, அதுல மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ்லேர்ந்து வந்தவங்க. அந்தக் கூட்டத்துல ஒரு முனுசாமியைத் தேடறது ஆடிக்கிருத்திகை அன்னிக்கு முருகன் கோயில்ல மஞ்ச வேட்டி கட்டுனவரைத் தேடற மாதிரி. முனுசாமி, ராமசாமி, வீரப்பன், குப்பம்மா, முனியம்மா, திரும்பத் திரும்ப அதே பேருதான். ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் இறங்குனதும் ஒரு நம்பர் குடுத்தாங்க, காலனியல் நம்பர், அது ஒருத்தருக்கு ஒண்ணுதான். 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்துக்கு வந்த முதல் கப்பல் ட்ரூரோ, அதுல வந்த 342 பேர்லேர்ந்து ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சு எண்ணிக்கிட்டே போனாங்க. சம்பளம், கல்யாணப் பதிவு, புள்ள பொறந்தது, புகார் குடுத்தது, செத்தது, எல்லாக் காகிதத்துலயும் அந்த நம்பர் கூடவே வரும். மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி மனுஷனுக்கு நம்பரான்னு எங்க ஆயா கடைசி வரைக்கும் அதை வாயால சொல்லவே மாட்டாங்க, கூலி நம்பர்னு யாராவது சொன்னா மூஞ்சி மாறிடும். அந்தக் கோவம் நியாயம்தான். ஆனா அவங்க அப்பாவைக் கண்டுபிடிக்க எனக்குக் கெடச்ச ஒரே சாவி அதுதான், என்ன பண்றது.

சரி, நம்பர் எங்க கெடைக்கும்?

மொதல்ல வீட்லயே. ஆர்க்கைவ்ஸுக்கு ஓடறதுக்கு முன்னாடி குடும்பத்துல வயசான பொம்பளைங்களைப் பாருங்க, ஆம்பளைங்களுக்குப் பெருமை பேசத்தான் தெரியும், யாரு யாருக்குப் பொறந்தா, எந்தப் புள்ள செத்துப் போச்சு, யாரு ரெண்டாங்கல்யாணம்ங்கறதெல்லாம் பெரியம்மா அத்தைங்ககிட்டதான் இருக்கும். போகும்போது நோட்டுப் புக்கைத் தூக்கிட்டுப் போகாதீங்க, பழைய போட்டோ எடுத்துட்டுப் போங்க, போட்டோவைப் பாத்தா தானா வாய் திறக்கும். பேசறதை போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கலாமான்னு கேட்டுட்டுப் பண்ணுங்க. மூணு விஷயம் கட்டாயம் கேளுங்க: எந்த எஸ்டேட்ல இருந்தாங்க, குலதெய்வம் எது, கூட வந்த கப்பல்காரங்க யாரு. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், ஒரே கப்பல்ல வந்தவங்க அண்ணன் தம்பி மாதிரி பழகி அவங்களுக்குள்ளயே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்காங்க. உங்களுக்கு நம்பர் கெடைக்கலன்னாலும் அந்தக் குடும்பத்துக்காரங்க வச்சிருக்கலாம்.

அப்புறம் பொட்டி, டிரங்குப் பொட்டி, பிஸ்கட் டின், சாமி படத்துக்குப் பின்னாடி. பழைய பர்த் சர்டிபிகேட் இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். ஒப்பந்தத்துல இருந்தவங்களுக்குப் பொறந்த புள்ளைங்களைப் பதிஞ்சது ப்ரொடெக்டர் ஆஃப் இந்தியன் இமிக்ரண்ட்ஸ் ஆபீஸ், அதாவது கூலியா வந்த இந்தியர்களைக் கவனிக்க அரசாங்கம் வச்ச அதிகாரி ஆபீஸ், அந்தப் பதிவுல அப்பா நம்பர் அம்மா நம்பர் ரெண்டும் இருக்கும். கல்யாணப் பதிவும் அப்படித்தான். எங்க வீட்ல கெடச்சது எங்க ஆயாவோட அக்காவோட பதிவு, ஆயாவோடது இல்ல. அதனால நேர் வாரிசு காகிதம் இல்லன்னு விட்டுடாதீங்க, கூடப் பொறந்தவங்க எல்லாரோடதையும் தேடுங்க, அப்பா அம்மா எல்லாருக்கும் ஒண்ணுதானே.

வீட்ல ஒண்ணும் இல்லன்னா பின்னாடிலேர்ந்து முன்னாடி போகணும். உங்க அப்பா அம்மா, அப்புறம் தாத்தா, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு காகிதம், நடுவுல தாண்டவே கூடாது. ஹோம் அஃபேர்ஸ்ல, அதான் இங்க பிறப்பு இறப்பு பதியற அரசாங்க இலாகாவுல, டெத் சர்டிபிகேட் கேக்கும்போது கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுக்கறதை வாங்காதீங்க, அதுல ஒண்ணுமே இருக்காது, வால்ட் காப்பின்னு கேளுங்க, அதாவது அந்தக் காலத்து ரிஜிஸ்டர் பக்கத்தோட நகல். கையெழுத்து, கைநாட்டு, தகவல் சொன்னவர் யாரு எல்லாம் அதுல தெரியும். பொறுமை வேணும். எனக்கு ஒரு ஆபீஸ்ல எட்டு மாசம் கழிச்சு வேற ஒரு கோவிந்தசாமியோட பேப்பரை அனுப்பி வச்சாங்க.

அதைவிடப் பெரிய புதையல் எஸ்டேட் ஃபைல். இங்க எஸ்டேட்னா கரும்புத் தோட்டம் இல்ல, செத்தவரோட சொத்து விவகாரம். ஃபைலோட மொதல் பக்கத்துல டெத் நோட்டீஸ்னு ஒரு ஃபாரம் இருக்கும், இப்ப அதுக்கு ஜே294னு நம்பர். செத்தவர் பேரு, பொறந்த இடம், அப்பா அம்மா பேரு, பொண்டாட்டி, புள்ளைங்க வரிசையா, சில சமயம் கல்யாணம் ஆன பொண்ணுங்களோட புருஷன் பேரும் கூட. நம்ம ஆளுக்கு ஏது சொத்துன்னு நினைக்காதீங்க, கால் ஏக்கர் வாழைத் தோட்டம் இருந்தாக்கூட ஃபைல் ஓபன் பண்ணியிருப்பாங்க. மாரிட்ஸ்பர்க் (பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம்) எஸ்டேட் ஃபைல்கள் நிறைய ஃபேமிலிசர்ச் வெப்சைட்ல ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க, கணக்கு ஓபன் பண்ண காசு இல்ல. நேட்டால் சிவில் டெத் ரிஜிஸ்டரும் அங்க இருக்கு. ஆனா டெத் நோட்டீஸ்ல வயசை நம்பாதீங்க, சொல்றது மகனோ மருமகனோ, அவருக்கும் தெரியாது, குத்துமதிப்பா 90னு போட்டுடுவாங்க. எங்க கொள்ளுத்தாத்தா அந்தக் கணக்குப்படி கப்பலேறும்போது 41 வயசு, கப்பல் லிஸ்ட்ல 22.

மூணாவது வழி தேசிய ஆவணக் காப்பகத்தோட ஆன்லைன் இண்டெக்ஸ், என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ்னு சொல்றது. அதுல மாரிட்ஸ்பர்க் ஆர்க்கைவ்ஸுக்கு என்.ஏ.பி.னு (NAB) குறி. தேடுனா வர்ற ரிசல்ட்ல சோர்ஸ்ங்கற இடத்துல ஐ.ஐ.னு ரெண்டு எழுத்து இருந்தா அது இந்தியன் இமிக்ரேஷன் ஃபைல், உடனே குறிச்சுக்குங்க. எம்.எஸ்.சி.ஈ.ன்னா எஸ்டேட் ஃபைல். டைப்ல லேயர்னு போட்டிருக்கும், பயப்படாதீங்க, ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில ஃபைல்னு அர்த்தம். வால்யூம், ரெஃபரன்ஸ், வருஷம் மூணையும் அப்படியே எழுதிக்கிட்டுப் போனாத்தான் கவுண்டர்ல எடுத்துத் தருவாங்க. பேனா வேணாம், பென்சில் எடுத்துட்டுப் போங்க.

இந்த ஐ.ஐ. ஃபைல்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். பிறப்பு இறப்புப் பதிவுல ஒரு ஆளு வெறும் பேருதான், இதுலதான் அவரு வாயைத் திறந்து பேசறாரு. சம்பளம் குடுக்கலன்னு புகார், சர்தார், அதான் மேஸ்திரி, அடிச்சான்னு புகார், பொண்டாட்டியை வேற எஸ்டேட்டுக்கு அனுப்பிட்டாங்க சேத்து வைங்கன்னு மனு, ஊருக்குத் திரும்பிப் போக அனுமதி, ஊர்லேர்ந்து அம்மா கடிதம் போட்டு என் மகன் உயிரோட இருக்கானான்னு விசாரிக்கச் சொன்னது. மொத வருஷம் மாசம் பத்து ஷில்லிங், அப்புறம் வருஷா வருஷம் ஒரு ஷில்லிங் ஏத்தம், அதுதான் ஒப்பந்தம், அந்தப் பத்து ஷில்லிங்லயும் உடம்பு சரியில்லாத நாளுக்குப் புடிச்சுக்கிட்டாங்கன்னு எத்தனை மனு. எங்க கொள்ளுத்தாத்தா பேர்ல ஒரே ஒரு ஃபைல், ரெண்டே பக்கம், லீவு இல்லாம எஸ்டேட்டை விட்டு வெளிய போனதுக்கு. போனது ப்ரொடெக்டர்கிட்ட புகார் குடுக்கத்தான். அதைப் படிச்சுட்டு அந்த ரூம்ல உக்காந்து கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல.

நம்பர் கெடச்சுடுச்சுன்னு வைங்க. இப்பதான் கப்பல் லிஸ்ட். ஒரிஜினல் ரிஜிஸ்டர்கள் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கு, பழைய டர்பன்-வெஸ்ட்வில் யூனிவர்சிட்டியோட டாக்குமெண்டேஷன் சென்டர், இப்ப குவாசூலு-நேட்டால் யூனிவர்சிட்டிக்குக் கீழ இருக்கு, அவங்க மூலமா லிஸ்ட் முழுசும் கம்ப்யூட்டர்ல ஏத்துனதும் கெடைக்குது. மொதல்ல கம்ப்யூட்டர் லிஸ்ட்ல பாருங்க, ஆனா அங்கயே நிக்காதீங்க, டைப் பண்ணவங்களும் மனுஷங்கதான், இங்கிலீஷ் யூ எழுத்தை என் எழுத்துன்னு படிச்சிருப்பாங்க. ஒரிஜினல் பக்கத்தை ஒரு தடவையாவது கண்ணால பாக்கணும். பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்புல அடையாளம், எந்த முதலாளிகிட்ட அனுப்புனாங்க, எல்லாம் ஒரே வரியில. எனக்கு மத்ததெல்லாம் தகவல், அந்த அடையாளம்ங்கற கட்டம் மட்டும் வேற. இடது முழங்கால்ல தழும்புன்னு எழுதியிருக்கு. போட்டோ கிடையாது, மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாது, ஆனா முழங்கால் தழும்பு தெரியும், எங்க விழுந்தாரோ.

லிஸ்ட்ல உங்க ஆளு வரியை மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க. மேல இருபது பேரு, கீழ இருபது பேரு எழுதிக்குங்க. நம்பர் பெரும்பாலும் வரிசையா குடுத்ததால பொண்டாட்டி, புள்ள, தம்பி, ஒரே ஊர்க்காரன் எல்லாம் பக்கத்துப் பக்கத்து நம்பரா இருப்பாங்க. கிராமத்துப் பேரு உங்க வரியில கிறுக்கலா இருந்தா பக்கத்து வரியில தெளிவா இருக்கும். ரிமார்க்ஸ் கட்டத்தையும் விடாதீங்க, எந்த வருஷம் செத்தாரு, எந்தக் கப்பல்ல ஊருக்குத் திரும்புனாருன்னு சில பேருக்கு எழுதியிருக்கும்.

சில பள்ளங்கள் இருக்கு, நான் எல்லாத்துலயும் விழுந்து எழுந்தவன்.

உம்சிந்தோன்னு ஒரு பேப்பர்ல இருந்தா அது தெற்குக் கடற்கரை ஊரா, கப்பலா? ரெண்டும் உண்டு. உம்லாசி, காங்கெல்லா, பொங்கோலா எல்லாம் அப்படித்தான், பிற்பாடு வந்த நீராவிக் கப்பல்களுக்கு நம்ம நேட்டால் ஆத்துப் பேரு, ஊருப் பேரையே வச்சுட்டாங்க. எங்க மாமா ஒருத்தர் தாத்தா உம்சிந்தோல வேலை பாத்தாருன்னு அந்தப் பக்கம் கல்லறை கல்லறையா அலைஞ்சாரு, கடைசில பாத்தா தாத்தா வந்த கப்பல் அது, இருந்த எஸ்டேட் வடக்கே வெருலம் பக்கம். ஒரே கப்பல் பத்து இருபது தடவை வந்திருக்கும், அதனால கப்பல் பேருக்குப் பின்னாடி ரோமன் எழுத்துல பயண நம்பர் இருக்கும், அதையும் சேத்து எழுதிக்குங்க.

1866லேர்ந்து 1874 வரைக்கும் ஒப்பந்தக் கப்பலே வரல, சர்க்கரை வியாபாரம் படுத்ததால நிப்பாட்டுனாங்க, திரும்பிப் போனவங்க ஊர்ல போய்ச் சொன்ன கொடுமையால மறுபடி ஆரம்பிக்க லேட்டாச்சு. உங்க வீட்ல 1870ல வந்தாருன்னு சொன்னா ஒண்ணு வருஷம் தப்பு, இல்ல அவரு கூலியா வரல, சொந்தக் காசுல வந்தவரு. மொரீஷியஸ்லேர்ந்து வந்த தமிழங்களும் உண்டு, அப்படின்னா இங்க நம்பரே இருக்காது, மோகாவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல மொரீஷியஸ் இமிக்ரேஷன் ஆவணங்கள் இருக்கு, அங்க விசாரிக்கணும்.

ஆரம்ப காலத்து லிஸ்ட்ல சாதிக் கட்டத்துல மலபார்னு இருந்தா மலையாளின்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் தமிழனைத்தான் மலபார்னு சொன்னான். ஜெண்டூன்னா தெலுங்கு. இப்ப நம்ம பேருக்குப் பின்னாடி இருக்கற கோவெண்டர், மூட்லி, நாய்க்கர், பிள்ளை, படையாச்சி இதெல்லாம் கப்பல் லிஸ்ட்ல பேரோட இருக்காதுங்க. லிஸ்ட்ல ஒத்தப் பேரு, அப்பா பேரு, அவ்வளவுதான். சர்நேம் குடுன்னு ஆபீஸ்ல கேட்டப்ப ஒரு அண்ணன் பட்டத்தைச் சொன்னாரு, தம்பி அப்பா பேரைச் சொன்னாரு, இன்னிக்கு ரெண்டு குடும்பத்துக்கும் வேற வேற சர்நேம். சாதிக் கட்டத்துல இருக்கறதும் வீட்ல சொல்றதும் ஒத்துப் போகலன்னா பெரியவங்ககிட்ட போய் ஆதாரம் நீட்டிச் சண்டை போடாதீங்க. எழுதுன கிளார்க்கும் தப்பா எழுதியிருப்பான், சொன்னவரும் வேணும்னே மாத்திச் சொல்லியிருப்பாரு. எனக்கென்னமோ கடல் தாண்டி வந்து அதைக் கீழ போட்டுட்டு வந்தவங்களை நாம திரும்ப எடுத்து மாட்டி விடறது நல்லால்லன்னு தோணுது, நான் எங்க வம்ச மரத்துல அந்தக் கட்டத்தையே வைக்கல.

கிறிஸ்தவக் குடும்பமா இருந்தா உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கு. டர்பன்ல கத்தோலிக்கப் பக்கம் சபோன் பாதிரியார் தமிழ் கத்துக்கிட்டு ஆரம்பத்துலேர்ந்தே நம்மாளுங்களுக்கு நடுவுல வேலை செஞ்சாரு, மெதடிஸ்ட் பக்கம் ரால்ஃப் ஸ்டாட் மட்டக்களப்புல இருந்துட்டு 1862ல இங்க வந்தவரு, அவருக்கும் தமிழ் தெரியும். ஞானஸ்நானப் புக்கைக் கேட்டுப் பாருங்க.

பேரு ஸ்பெல்லிங் பத்தி ஒண்ணே ஒண்ணுதான், இங்கிலீஷ்ல எழுதியிருக்கறதைக் கண்ணால படிக்காதீங்க, வாய்விட்டு வேகமாச் சொல்லிப் பாருங்க, தமிழ் தெரியாத கிளார்க் காதுல விழுந்ததை எழுதியிருக்கான், சத்தமாச் சொன்னா உள்ள இருக்கற தமிழ்ப் பேரு வெளிய வந்துடும். கிராமத்துப் பேருக்கும் இதே வைத்தியம்தான்.

இனிமே இந்தியா பக்கம். ஜில்லாப் பேரெல்லாம் அந்தக் காலத்துது, இன்னிக்கு மேப்ல அப்படியே கெடைக்காது. தென்னாற்காடுன்னா இப்ப கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. வடாற்காடுன்னா வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், அதோட முடியல, சித்தூர் 1911ல தனி ஜில்லாவாச்சு, அதனால வடாற்காடுன்னு எழுதியிருக்கற ஊரு இன்னிக்கு ஆந்திராவுலயும் இருக்கலாம். செங்கல்பட்டுன்னா இப்ப இருக்கற செங்கல்பட்டு மட்டும் இல்ல, காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் சேந்தது. தாலுக்காப் பேரு கெடச்சா ஒரு குறுக்கு வழி சொல்றேன்: தமிழ்நாடு அரசோட பட்டா சிட்டா பாக்கற வெப்சைட்டுக்குப் போங்க, பட்டா நமக்கு வேணாம், மாவட்டம் தாலுக்கா தேர்ந்தெடுத்தா அந்தத் தாலுக்காவுல இருக்கற வருவாய் கிராமம் எல்லாம் வரிசையா கீழ விரியும், ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே வாங்க, எது ஒட்டுதுன்னு தெரிஞ்சுடும். பழைய தாலுக்கா இப்ப ரெண்டு மூணா பிரிஞ்சிருக்கும், சுத்தியிருக்கறதையும் பாருங்க. இன்னும் ஆழமாப் போகணும்னா எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

கப்பல் வந்த வருஷம் 1877, 78 பக்கம் இருந்தா ஊர்ல என்ன நடந்துச்சுன்னு தேடவே வேணாம், 1876லேர்ந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். ஏமாத்திக் கூட்டிட்டு வந்தாங்கங்கற கதை எல்லா வீட்லயும் இருக்கும், அது உண்மையாவும் இருக்கும், பசியும் அந்தக் கதையில ஒரு ஆளுதான்.

குலதெய்வம் கேக்கச் சொன்னேன்ல, அது இங்கதான் உதவும். மேல்மலையனூர் அங்காளம்மன்னு வீட்ல சொன்னா செஞ்சிப் பக்கம் பாருங்க. திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கற குடும்பமா, டர்பன் உம்பிலோ கோயில்ல இன்னிக்கும் மிதிக்கறோமே அது மாதிரி, அந்த வழக்கம் ஆற்காட்டுச் சீமைங்கள்ல ரொம்ப அதிகம். இது ஆதாரம் இல்ல, ஆனா லிஸ்ட்ல ஒரே பேர்ல ரெண்டு கிராமம் வந்தா எதுக்கு மொதல்ல போறதுன்னு முடிவு பண்ண இது போதும்.

எனக்கு அப்படித்தான் ரெண்டு கிராமம் வந்துச்சு, ஒரே தாலுக்கா, நடுவுல பதினோரு கிலோமீட்டர். ஊருக்குப் போறவங்களுக்கு ஒரு விஷயம், கார்லேர்ந்து இறங்குன உடனே எங்க கொள்ளுத்தாத்தா இந்த ஊருன்னு ஆரம்பிக்காதீங்க. நான் ஆரம்பிச்சேன், டீக்கடையில இருந்த கூட்டம் சட்டுனு அமைதியாயிடுச்சு, வெளிநாட்டுலேர்ந்து பேப்பரோட வந்தா நிலத்துக்குப் பங்கு கேக்க வந்திருக்கான்னுதான் எவனும் நினைப்பான். ரெண்டாவது ஊர்ல மொதல் வார்த்தையே நிலம் கேக்க வரலீங்க, சாமி கும்பிட வந்தோம்னு சொன்னேன். அப்புறம்தான் பூசாரி எழுந்து வந்து செருப்பை அங்க கழட்டுங்கன்னு சொன்னாரு. அவருக்கு எங்க ஆளு பேரு தெரியல, யாருக்கும் தெரியல, நூத்தி முப்பது வருஷம் ஆச்சு. ஆனா பக்கத்துத் தெருவுல ஒரு பாட்டி தன்னோட வீட்ல ஒருத்தர் கரும்புச் சீமைக்குப் போனாருன்னு சொல்லுவாங்களாம், அந்தப் பாட்டி செத்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சாம். எங்க மரத்துல அந்த ஊருப் பேரை இன்னும் பென்சில்லதான் எழுதி வச்சிருக்கேன்.